கண்டவரோ, கேட்டவரோ

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் நான் ரொம்ப வருஷம் டெலிபோன் பூத் வைத்திருந்தேன். சின்ன வயசில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. அதனால் ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் கிடைத்த பூத் அது. மஞ்சள் போர்டு, ஓர் ஆள் நிற்கும் கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டர், பில் அடிக்கும் குட்டி மெஷின், அதற்குப் பக்கத்தில் நான். கூண்டின் கதவு ஒருநாளும் ஒழுங்காகச் சாத்திக்கொண்டதில்லை. மறைமலைநகர் கம்பெனிப் பையன்களின் காதலும், துபாய் போனவனிடம் மாமியார் பற்றிச் சொல்லும் புகாரும் என் காதில் விழுந்துகொண்டேயிருக்கும். காதில் விழுந்தது முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தத் தொழிலில் பாதி.

பூத்தை ஒட்டி ஒரு டீக்கடை. அதன் முதலாளியை நான் அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவேன். அவர் கடைக்கு இரண்டு பேப்பர் வரும், ஒரு ரேடியோ எப்போதும் கரகரத்துக்கொண்டிருக்கும். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் காலையில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை எழுந்திருக்க மாட்டார். தொண்ணூறுகளின் பின்பாதியில் இலங்கைச் சண்டைச் செய்திதான் அந்தப் பெஞ்சின் பெரிய விவகாரம். நேற்று எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் ஆரம்பிக்கும். ராணுவம் ஒரு எண் சொல்லும், இயக்கம் இன்னொரு எண் சொல்லும், இரண்டும் அக்கம்பக்கத்தில் அச்சாகியிருக்கும்.

"ரெண்டு பேருமே புளுகுறான் சார். இதுல நீ இன்னாத்த கண்டுபுடிக்கப் போற?" என்பார் அண்ணாத்த.

வாத்தியார் விடமாட்டார். "பொய்க்கும் ஒரு ஒழுங்கு இருக்குய்யா. அவனவன் தன் பக்கச் சாவைக் குறைப்பான், எதிரி பக்கச் சாவைக் கூட்டுவான். அவனே ஒத்துக்கிட்டது குறைஞ்சபட்சம். எதிராளி சொல்றது அதிகபட்சம். நிஜம் நடுவுல எங்கயோ உக்காந்திருக்கும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. புத்திசாலித்தனமான பேச்சாகத் தோன்றியது. அந்த நடுவில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாங்கள் ஒருவரும் யோசித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் இலங்கைப் பெண் பூத்துக்கு வருவாள். என்னைவிட ஐந்தாறு வயசு பெரியவள். படகில் ராமேஸ்வரம் வந்து, முகாமில் இருந்து, பிறகு போலீஸில் பதிவு செய்துகொண்டு வெளியே வந்தவள். பின் தெருவில் ஓர் அறை எடுத்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மாவும் தம்பியும் வன்னியில் இருந்தார்கள். அங்கே போன் கிடையாது. யாராவது வவுனியாவுக்கு வெளியேறி வந்து, அங்கிருந்து கொழும்புக்குச் சொல்லி, கொழும்பிலிருந்து ஜெர்மனிக்குச் சொல்லி, ஜெர்மனியிலிருக்கும் அவளுடைய பெரியம்மா மகள் இங்கே சொன்னால்தான் சேதி. அதற்காகத்தான் அவள் ஞாயிறு மதியம் என் பூத்தில் காத்திருப்பாள். ஜெர்மனி அக்கா அந்த நேரத்துக்குக் கூப்பிடுவார். இந்தப் பக்கம் வரும் போனுக்கு எனக்குக் காசு இல்லை. ஆனால் அவள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தால் பூத்துக்கே ஒரு அமைதி வந்தது மாதிரி இருக்கும். அதனால் விட்டுவிட்டேன்.

அன்றைக்கும் ஞாயிறுதான். முதல்நாள் பேப்பரில், இடம்பெயர்ந்து போன சனங்களின் டிராக்டர் ஒன்று பீரங்கிச் செல் பட்டு எரிந்ததாகச் செய்தி. ஆயுதம் ஏற்றிப்போன வண்டி, பதினோரு பேர் பலி என்று ஒரு தரப்பு சொன்னது. அப்பாவி மக்கள், பத்தொன்பது பேர் என்று மறுதரப்பு. பெஞ்சில் காலையில் ஆரம்பித்த வாதம் மதியமாகியும் ஓயவில்லை. இந்தத் தடவை தன் சூத்திரம் செல்லாது என்று வாத்தியாருக்கே தெரிந்தது. செத்தவர்கள் யாருடைய ஆட்கள் என்பதிலேயே சண்டை என்றால் யார் குறைப்பான், யார் கூட்டுவான்?

"பதினொண்ணுதான் இருக்கும். ஒரு டிராக்டர்ல எத்தனை பேர் ஏற முடியும்?" என்றார்.

"சார், நம்ம ஊர்ல கல்யாணத்துக்கு டிராக்டர்ல போவசொல்லோ பாத்ததில்லையா நீ? நாப்பது பேர் ஏறுவான்."

அப்போது கூண்டுக்குள்ளிருந்து அவள் வெளியே வந்தாள். ஜெர்மனி அக்காவோடு பேசி முடித்திருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. நேராக டீக்கடைக்குப் போய், "ஐயா, அந்தப் பேப்பரை ஒருக்கா தாங்கோ" என்றாள். நின்றபடியே வாசித்தாள். பிறகு வாத்தியாரைப் பார்த்துக் கேட்டாள்.

"பதினொண்டோ, பத்தொன்பதோ, அதுக்குள்ள என்ர தம்பி இருக்கிறானோ எண்டு எங்கயாவது போட்டிருக்கோ?"

 அந்த டிராக்டரை ஓட்டிப்போனவன் அவளுடைய தம்பி என்றுதான் ஜெர்மனி அக்காவுக்குச் சேதி வந்திருந்தது.

அண்ணாத்த ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "குந்தும்மா" என்றார். அவள் உட்காரவில்லை. பேப்பரை மடித்து அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் இன்றைக்கும் வியப்போடு நினைத்துக்கொள்கிறேன். ஜெர்மனி அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தவர். அவரும், லண்டனில், பாரிஸில், கனடாவில் இருந்த இன்னும் சில பெண்களுமாக, அந்த டிராக்டரில் இருந்தவர்களைத் தேட ஆரம்பித்தார்கள். வண்டி எந்த ஊரிலிருந்து கிளம்பியது, யார் வீட்டு ஆட்கள் ஏறினார்கள், யார் வழியில் இறங்கினார்கள். இதற்கு அவர்களிடம் இருந்தது போன் மட்டும்தான். மண்டபம் முகாமிலும் திருச்சியிலும் இருந்த உறவுக்காரர்கள் ஜெர்மனிக்குப் பேச வசதியில்லாதவர்கள். அவர்கள் என் பூத்துக்குப் போன் செய்து தெரிந்ததைச் சொல்வார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் ஒப்பிப்பேன். பெயர்களைக் காகிதத்தில் எழுத வேண்டாம், யார் கையிலாவது சிக்கினால் யாருக்காவது ஆபத்து என்று அக்கா சொல்லியிருந்தார். அதனால் மனப்பாடம். வீட்டில் சோறு வடிக்கும்போதுகூட வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பேன்.

முதல் ஞாயிறே எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. "அக்கா, அந்த வண்டியில ஒரு வயசானவங்க இருந்தாங்கள்ல, அவங்களும் செத்துட்டாங்களாம்" என்றேன்.

 

"பிள்ளை, செத்துட்டாங்களாம் எண்டு சொல்லுறீங்கள். கடைசியில அந்த 'ஆம்' என்னத்துக்கு?"

"இல்லக்கா, மண்டபத்துலேருந்து ஒருத்தர் சொன்னாங்க..."

"அவர் கண்டவரோ, கேட்டவரோ?"

"கேட்டதாத்தான் சொன்னாரு."

"அப்ப அவ இன்னும் சாகேல்லை. அந்த 'ஆம்' இல்லாமல் ஒராள் வந்து சொல்லுறவரைக்கும் அவ உயிரோடதான் இருக்கிறா. விளங்குதோ?"

விளங்கியது.  நாள் முழுக்க எத்தனை ஆயிரம் தடவை வாயில் வந்துபோகிற ஒரு சின்ன ஒலி! வந்தானாம், போனானாம், செத்தானாம். பார்க்காததைப் பார்த்த மாதிரி சொல்லிவிடாமல் நம் பாஷையே ஒரு தடுப்பு வைத்திருக்கிறது, நான்தான் அதைக் கவனிக்காமல் தாண்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு யார் போன் செய்தாலும் நானே கேட்க ஆரம்பித்தேன், நீங்க பார்த்தீங்களா, கேட்டீங்களா என்று. சிலர் கோபப்பட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் நெடுநேரம் யோசித்து, "நான் காணேல்லை பிள்ளை. கண்டது மாதிரி இருந்தது, ஆனா காணேல்லை" என்று சொல்லி அழுதார்.

வாரா வாரம் ஒவ்வொருவராகத் தெளிந்தார்கள். ஒரு குடும்பம் வண்டி எரிவதற்கு முன்பே தண்ணீருக்காக இறங்கிவிட்டிருந்தது. ஒரு பெண்ணின் உடலைப் பக்கத்து ஊர்க்காரர்களே அடக்கம் செய்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் மன்னாரிலிருந்து பேசினார். அந்தப் பெண்கள் எடுத்த கணக்கு பதினொன்றிலும் நிற்கவில்லை, பத்தொன்பதையும் எட்டவில்லை. அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும், அதைப் பார்த்த ஒரு ஜோடிக் கண்ணும் இருந்தன. வாத்தியார் பேப்பரைப் பிரிப்பதற்கு முன்னால் என்னிடம் வந்து, "இந்த வாரம் ஏதாவது?" என்று கேட்க ஆரம்பித்தார்.

தம்பியைப் பற்றிய சேதி ஒரு வாரநாளில் வந்தது. அவள் பூத்தில் இல்லை, போனை எடுத்தது நான்தான். தம்பி உயிரோடு இருக்கிறான், மன்னாருக்கு வந்து அங்கிருந்து போனில் பேசினான் என்றார் அக்கா. அன்றைக்கு வண்டியை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, நடக்க முடியாமல் பின்தங்கிய அம்மாவைக் கூட்டிவரத் திரும்பிப் போயிருக்கிறான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு காட்டுவழியாக நடந்திருக்கிறான். வழியில் அம்மாவுக்குக் காய்ச்சல். மருந்தில்லை. ஒரு பாலை மரத்தடியில் இறந்துபோனார். அவனே கிடங்கு வெட்டிப் புதைத்தான்.

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பின் தெருவுக்கு நடந்தேன். இவ்வளவு தூரமா அந்தத் தெரு என்று இருந்தது. அவள் மெஷினில் உட்கார்ந்து ஒரு நீல ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே காலை மிதிப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"தம்பி உயிரோட இருக்காரு அக்கா" என்றேன்.

"கண்டவை ஆர்?"

"ஜெர்மனி அக்கா அவர்கிட்டயே பேசிட்டாங்க. குரல் கேட்டாங்க." பிறகு மீதியையும் சொன்னேன். "அம்மா செத்துட்டாங்க" என்று சொன்னேன். வாயில் வந்த 'ஆம்'மை விழுங்கிக்கொண்டு சொன்னேன். அதைவிடக் கஷ்டமான ஒரு சொல்லை நான் அதுவரை சொன்னதில்லை.

அவள் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து நிமிர்ந்து கேட்டது இதுதான்: "அம்மாவைக் கணக்கில சேர்த்தவையோ?"

அந்த ஞாயிறு அவள் அதையே அக்காவிடம் கேட்டாள்.  பெண்களுக்குள்ளேயே இரண்டு பேச்சு. செல்லிலும் சூட்டிலும் செத்தவர்களை மட்டும் எண்ணுவது என்றுதான் ஆரம்பித்திருந்தார்கள். காய்ச்சலில் போனவரைச் சேர்த்தால் யாரும் நம்மை நம்ப மாட்டார்கள், கூட்டிச் சொல்கிறோம் என்பார்கள் என்று சிலர் சொன்னார்களாம். வாத்தியாரும் அதையே சொன்னார். மனசில் கருணை இல்லாதவர் அல்ல அவர். எதிரே உட்கார்ந்திருந்த அவளிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. காய்ச்சல் எங்கயும் வருது. ஒரு கணக்குன்னா அதுக்கு எல்லை வேணும். இல்லேன்னா அது கணக்கே இல்ல."

"இன்னா சார் பேசுற நீ?" அண்ணாத்த டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "அந்தம்மா அதுங்க வூட்ல இருந்திருந்தா ஒரு மாத்திரையப் போட்டுகினு போத்திப் படுத்திருக்கும். காட்ல எதுக்குய்யா நடந்துச்சு? வாக்கிங்கா போச்சு?"

அவள் அண்ணாத்தையை நன்றியோடு பார்த்தாள். ஆனால் பேசியது வாத்தியாரிடம்தான். "எல்லை வேணும்தான் ஐயா, நீங்கள் போடுங்கோ. போடேக்க என்ர அம்மா எந்தப் பக்கம் நிக்கிறா எண்டு மட்டும் ஒருக்கா பாத்துப் போடுங்கோ."

 வாத்தியார் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிறு அக்கா சொன்னார், அம்மாவைச் சேர்த்துவிட்டோம் என்று. அதன் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தச் சேதி எப்படியோ போன்வழியே பரவிவிட்டது. காய்ச்சலில் போனவர்களையும் எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததும், அதுவரை வாய் திறக்காதவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அந்த வாரம் என் பூத்தில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது. நடந்துபோகிற வழியில் பிரசவமாகிச் செத்த பெண். சர்க்கரை ஊசி தீர்ந்துபோன ஒரு தபால்காரர். பாம்பு கடித்த குழந்தை. தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் போன இரட்டைப் பிள்ளைகள். "அப்ப என்ர பிள்ளையையும் சொல்லலாமோ?" என்று ஒரு தாய் அனுமதி கேட்கிற மாதிரி கேட்டாள். "சொல்லுங்கம்மா" என்றேன். சொன்னாள். பார்த்தவள் அவளேதான்.

ஞாயிறு எல்லாவற்றையும் அக்காவிடம் ஒப்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே பயமாக இருந்தது. இரண்டு தரப்பும் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு எண்களும் ஒரு குளத்தின் மேல் மிதக்கிற இரண்டு இலை மாதிரியும், அடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று யாருமே கால் வைத்துப் பார்க்காத மாதிரியும் இருந்தது.  நான் முடித்ததும் அக்கா மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, இது எங்களால முடிக்க ஏலாது போல கிடக்கு. ஆனா நிப்பாட்டவும் ஏலாது."

முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டி என்று அவர்கள் ஊரில் ஒரு சடங்கு, கடற்கரையில்தான் செய்வார்களாம். நாள் கடந்துவிட்டது, இருந்தாலும் செய்ய வேண்டும் என்றாள் அவள். அண்ணாத்த கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வந்தார். வாத்தியாரும் வந்தார். திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் நாலு பேரும் மாமல்லபுரம் போனோம். மணலில் என் காலில் மாட்டிய கேலிப்பர் கம்பி புதைந்துவிடும். ஒருபக்கம் அண்ணாத்த, ஒருபக்கம் அவள், என்னைத் தூக்காத குறையாகத் தண்ணீர் ஓரம் வரை கொண்டுபோனார்கள்.

புரோகிதர் திதி கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. நாள் கணக்கே இல்லாமல் நடந்தவனுக்கு எப்படித் தெரியும்? கிடங்கு வெட்டும்போது நல்ல நிலவு, விளக்குத் தேவைப்படவில்லை என்றும், அதற்கு ஒன்றிரண்டு நாள் கழித்து முழு நிலவு என்றும் மட்டும் தம்பி சொல்லியிருந்தான். மார்கழி மாதம். வாத்தியார் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். முதல்நாளே பார்த்து வைத்திருக்கிறார்.

"வளர்பிறை திரயோதசி. ஒருநாள் முன்னப்பின்ன இருக்கலாம் சாமி. உறுதியாச் சொல்ல முடியாது" என்றார்.

"போதும்" என்றார் புரோகிதர். பெண்பிள்ளை செய்வதற்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை.

அம்மாவுக்குச் செய்து முடித்ததும், செய்ய ஆளில்லாமல் போனவர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் நினைத்து எள்ளும் தண்ணீரும் விடலாம் என்று சொன்னார். வழக்கமாகச் சொல்வதாகத்தான் இருக்கும். அவள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி ஒரு பெயரைச் சொன்னாள். பிறகு இன்னொன்று. டிராக்டரில் இருந்தவர்கள், காட்டில் விழுந்தவர்கள். ஓரிடத்தில் அவளுக்குத் தட்டியது. கரையில் இருந்த நான் அடுத்த பெயரைச் சொன்னேன். எனக்கும் எல்லாம் மனப்பாடமாயிற்றே. அப்புறம் இரண்டு பேருமாகச் சொன்னோம். அலை வந்து சத்தத்தை மூடும், போனதும் விட்ட இடத்திலிருந்து சொல்வோம். புரோகிதர் ஒவ்வொரு பெயருக்கும் தண்ணீர் விட்டுக்கொண்டேயிருந்தார். வெயில் ஏறிவிட்டது. கடற்கரைக் கோயில் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.  பெயர்கள் தீர்ந்தபோது புரோகிதரின் குரல் கம்மியிருந்தது. தட்சிணை வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அந்தக் கடலைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது, கோயிலின் கர்ப்பகிரகத்துக்குள் செருப்போடு போய்விட்ட மாதிரி.

அதற்கடுத்த வருஷம் தம்பி படகேறி வந்து சேர்ந்தான். ஒல்லியான, பேச்சுக் குறைந்த பையன். அண்ணாத்த அவனுக்கு ஒரு லாரி ஷெட்டில் வேலை பிடித்துக் கொடுத்தார்.

அவன் வந்து சில மாதம் கழித்து ஒரு சாயந்தரம் போன். வார நாள். ஜெர்மனி அக்கா அப்படிக் கூப்பிட்டது அதற்கு முன் ஒரே ஒரு தடவை, இந்தத் தம்பியின் சேதி சொல்லத்தான். எடுத்ததும் ஒரே மூச்சிரைப்பு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று புரியவில்லை.

"பிள்ளை, எங்கட கணக்குப் பிழைச்சுப் போச்சு!"

டிராக்டரில் செத்தவர்களில் ஒருவன், பதினாறு வயசுப் பையன். அவன் கிடந்ததைப் பார்த்தவர் இருந்தார், பொய் சொல்கிறவரும் இல்லை. சந்தேகமேயில்லாமல் எண்ணியிருந்தோம். அவன் உயிரோடு பாரிஸுக்கு வந்து சேர்ந்துவிட்டான். அக்கா சற்று முன்தான் அவனோடு பேசியிருக்கிறார்.

"கண்டவரும் பிழை விடலாம், பாத்தீங்களோ? ஒண்டு குறையுது பிள்ளை! ஒண்டு குறையுது!"

ஒரு தப்புக்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட குரலை நான் கேட்டதேயில்லை. ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு, காத்திருந்த வாடிக்கையாளர் ஒருவரை அப்படியே விட்டுவிட்டு, பின் தெருவுக்குப் போனேன். அவளும் தம்பியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். தம்பி எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, அவனுக்கு எள்ளுந் தண்ணியும் இறைச்சுப் போட்டமே!" என்றாள். பிறகு சிரித்தாள். நான் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. தான் கைமாற்றிவிட்டுப் போன வண்டியில் இருந்த அந்தப் பையனின் பெயரை மறுபடி சொல்லச் சொன்னான். சொன்னேன். இன்னொரு தடவை கேட்டான். இன்னொரு தடவை சொன்னேன்.